தசை தேடிச் செல்லும் நரம்பு

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் எப்படி வந்து சேருகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பவானி ஆற்றைக் கொடிவேரியில் அணை மறிக்கிறது. அங்கிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என இரு வாய்க்கால்கள் பிரிகின்றன. வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். முன்னோர் வெட்டி வைத்த வழியில் தண்ணீர் போகிறது. எந்த வயலுக்குப் போகிறோம் என்பது தண்ணீருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மடையைத் திறப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

நம் உடம்பிலும் பார்வைக்கு இதைப் போன்றே ஓர் அமைப்பு உண்டு. கழுத்திலும் மார்பின் மேற்பகுதியிலும் தண்டுவடத்திலிருந்து 5 வேர்களாக நரம்புகள் புறப்படுகின்றன. காறை எலும்புக்குப் பின்னால் அவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, மீண்டும் பிரிந்து, கைக்குள் இறங்குகின்றன. இதற்குப் புய நரம்புப் பின்னல் என்று பெயர். இங்கிருந்து பிரியும் கிளைகள் தோள் முதல் விரல் நுனி வரையுள்ள 40க்கும் மேற்பட்ட தசைகளுக்குச் செல்கின்றன. முழங்கையை மடக்கும் தசைக்கு ஒரு கிளை, நீட்டும் தசைக்கு வேறொரு கிளை. மடக்க வேண்டும் என்று நினைத்தால் கை மடங்குகிறது. ஒரு நாளும் தவறி நீள்வதில்லை.

ஆனால் இந்த வாய்க்கால்களை வெட்டியவர் யார்? தாயின் வயிற்றில் கரு உருவாகி ஐந்தாவது வாரத்தில், கை என்பது உடலின் பக்கவாட்டில் துருத்தும் ஒரு சிறு மொட்டுதான். அதில் எலும்பு இல்லை. பிரித்தறியத்தக்க தசையும் இல்லை. அந்த நிலையிலேயே தண்டுவடத்திலிருந்து ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் புறப்பட்டு அந்த மொட்டை நோக்கி வளரத் தொடங்கிவிடுகின்றன. வாய்க்காலும் இல்லை, வயலும் இல்லை. தண்ணீர் மட்டும் கிளம்பிவிட்டது! அப்படியும் ஒவ்வோர் இழையும் தனக்குரிய தசையைப் போய்ச் சேர்கிறது. எப்படி?

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோள் தரையில் மோதும்போது, கழுத்து ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டுப் புய நரம்புப் பின்னல் கிழிந்துவிடுவதுண்டு. நம் நாட்டில் பெரியவர்களுக்கு ஏற்படும் இவ்வகைக் காயங்களுக்கு இருசக்கர வாகன விபத்துகளே முதற் காரணம். பெரும்பாலும் இளைஞர்கள். எலும்பு முறியாமல் இருக்கலாம். தோலில் சிராய்ப்பு மட்டுமே இருக்கலாம். ஆனால் கை உயிரற்றுத் தொங்கும். அறுந்த நரம்பை மருத்துவர் திறமையாகத் தைத்து இணைத்தாலும், வளர்ந்து வரும் இழைகளில் பல தவறான தசைக்குள் நுழைந்துவிடுகின்றன. கருவில் இருந்தபோது வழி தவறாத அதே நரம்பு, முப்பது வயதில் ஏன் தவறுகிறது? இதற்கு விடை வேண்டுமானால் முதற் பயணத்தைப் பற்றித் தெரிந்துகொண்டாக வேண்டும்.

முட்டைக்குள் ஒரு சாளரம்

நரம்பிழை என்பது என்ன என்பதே நெடுங்காலம் தகராறாக இருந்தது. வழியிலுள்ள பல செல்கள் சங்கிலிபோல ஒட்டி நரம்பாகின்றன என்று ஒரு சாரார் கூறினர். இல்லை, தண்டுவடத்திலுள்ள ஒரே ஒரு நரம்பணுவிலிருந்து நீண்டு வளரும் நூல்தான் நரம்பிழை என்றார் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ராமோன் இ கஹால். 1890ஆம் ஆண்டில், கோழிக்கருவின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வளரும் இழையின் நுனியில் சிறு விரல்களை விரித்த கைபோன்ற ஒரு புடைப்பைக் கண்டார். அதற்கு வளர்கூம்பு என்று பெயரிட்டார். அது சுற்றுப்புறத்திலுள்ள வேதிப்பொருள்களை மோப்பம் பிடித்துச் செல்கிறது என்றும் ஊகித்தார். அவர் பார்த்தவை யாவும் சாயமேற்றிய உயிரற்ற துண்டுகள் என்பதை நினைக்க, இது வியப்புக்குரிய ஊகம்.

உயிருள்ள இழை வளர்வதைக் கண்ணால் கண்டவர் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன். 1907ஆம் ஆண்டில் தவளைக் கருவின் நரம்புத் திசுவில் ஒரு துணுக்கை எடுத்து, உறைந்த நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். கஹால் சொன்னது போலவே, செல்லிலிருந்து நூல் நீண்டு, நுனி துழாவித் துழாவி முன்னேறியது. உடம்புக்கு வெளியே உயிர்ச்செல்களை வளர்க்கும் கலையும் இந்தச் சோதனையோடுதான் பிறந்தது.

அடுத்த கேள்வி: துழாவும் நுனி எதைத் தேடுகிறது? எதையும் தேடவில்லை, கிடைத்த பள்ளத்தில் வழிந்தோடுகிறது. எந்தத் தசையைத் தொட்டாலும் பிறகு மூளை சரிசெய்துகொள்ளும் என்பதே 1930களில் செல்வாக்குடன் இருந்த கருத்து. ரோஜர் ஸ்பெரி என்ற இளைஞர் இதைச் சோதித்தார். எலியின் காலில் பாதத்தைத் தூக்கும் தசைக்கும் தாழ்த்தும் தசைக்கும் செல்லும் நரம்புகளை வெட்டி மாற்றி இணைத்தார். நரம்புகள் வளர்ந்து தசைகளுக்கு உயிரூட்டின. ஆனால் பாதத்தைத் தூக்க வேண்டிய இடத்தில் எலி தாழ்த்தியது. தாழ்த்த வேண்டிய இடத்தில் தூக்கியது. எவ்வளவு பழக்கியும் அது திருந்தவே இல்லை. ஆக, எந்த நரம்பு எந்தத் தசைக்கு என்பது முக்கியம். தொடக்கத்திலேயே சரியான இணைப்பு ஏற்பட்டாக வேண்டும்.

அந்தத் தொடக்கத்தைப் பார்க்கக் கோழிமுட்டையை விட வசதியான பொருள் கிடையாது. பாலூட்டியின் கரு உள்ளே மறைந்திருக்கிறது; முட்டையிலோ ஓட்டில் ஒரு சிறு சாளரம் வெட்டினால் கரு கண்முன் கிடக்கிறது. வேலை முடிந்ததும் சாளரத்தை ஒட்டி மூடி அடைகாப்புப் பெட்டியில் வைத்தால் கரு தொடர்ந்து வளரும். (நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டை இதற்கு உதவாது. அது சேவல் சேராத கோழியின் முட்டை. அதில் கரு இல்லை. வீட்டில் அடை வைக்கும் நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும். நாலைந்து நாள் அடைகாத்த முட்டையை இருட்டறையில் விளக்கொளிக்கு நேரே பிடித்தால், சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவந்த இரத்தக் குழாய்கள் தெரிவதைக் கிராமத்து மாணவர்கள் பார்த்திருப்பார்கள்.)

21 நாளில் பொரியும் முட்டையில், மூன்றாம் நாளில் இறக்கை மொட்டும் கால் மொட்டும் தோன்றுகின்றன. அதையொட்டித் தண்டுவடத்திலிருந்து நரம்பிழைகள் வெளியேறுகின்றன. ஆறேழு நாளில் கால் அசையத் தொடங்குகிறது. பயணம் முழுவதும் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடுகிறது.

1934ஆம் ஆண்டில் விக்டர் ஹாம்பர்கர் இறக்கை மொட்டை நீக்கிவிட்டுக் கருவை வளரவிட்டார். அந்தப் பக்கத்துத் தண்டுவடத்தில் இயக்க நரம்பணுக்களின் கூட்டம் சிறுத்திருந்தது. இவர் ஜெர்மானியர், அமெரிக்காவில் பயிற்சிக்கு வந்த இடத்தில், இட்லரின் ஆட்சியில் தாய்நாட்டில் வேலை பறிபோனதால் அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய கட்டுரையைப் படித்தார் இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி-மொண்டால்சினி. முசோலினியின் இனச்சட்டத்தால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர். தூரின் நகரிலிருந்த வீட்டுப் படுக்கையறையை ஆய்வுக்கூடமாக்கினார். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்த பின், சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சென்று முட்டை சேகரித்து ஆய்வைத் தொடர்ந்தார். போருக்குப் பின் ஹாம்பர்கருடன் சேர்ந்தார். நரம்பணுக்கள் பிறக்காமல் போகவில்லை, பிறந்தபின் இறந்துபோகின்றன என்பதை இருவரும் நிலைநாட்டினர். இதிலிருந்து கிளைத்த நரம்பு வளர்ச்சிக் காரணிக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1986ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது.

தலைகீழாகத் திருப்பிய தண்டுவடம்

ஹாம்பர்கரின் கணக்குப்படி, கோழிக்குஞ்சின் ஒரு காலுக்கென ஏறத்தாழ 20,000 இயக்க நரம்பணுக்கள் உருவாகின்றன. ஆனால் பன்னிரண்டாம் நாளில் மிஞ்சுவது 12,000 அளவே. நூற்றுக்கு நாற்பது இறந்துவிடுகின்றன. இதைக் கண்டவுடன் பலருக்கும் ஓர் எளிய விளக்கம் தோன்றியது. நரம்பிழைகள் கண்டபடி வளர்ந்து கிடைத்த தசையைப் பற்றுகின்றன. தவறிய இடத்தைப் பற்றியவை பின்னர் களைந்தெறியப்படுகின்றன. நெருக்க விதைத்துப் பின்பு களைவதுபோல. சிக்கனமான கருத்துதான். ஆனால் உண்மையா?

இதைச் சோதித்தவர் லின் லாண்ட்மெஸ்ஸர். 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், குதிரைமுள்ளங்கி என்ற கிழங்கிலிருந்து எடுக்கப்படும் ஒரு நொதியை அவர் பயன்படுத்தினார். அதைக் கருவின் ஒரு தசைக்குள் செலுத்தினால், அங்குள்ள நரம்பிழை நுனிகள் அதை உறிஞ்சித் தண்டுவடத்திலுள்ள தாய்ச்செல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு நிறமேற்றினால், அந்தத் தசைக்குரிய நரம்பணுக்கள் எவை என்பது பழுப்பு நிறத்தில் துலங்கும். ஒவ்வொரு தசைக்கும் உரிய நரம்பணுக்கள் தண்டுவடத்தில் சிதறிக் கிடக்கவில்லை. தனித்தனிக் குழுக்களாக, குறித்த இடங்களில் இருக்கின்றன என்று கண்டார். அதைவிட முக்கியமானது மற்றொன்று. நரம்பணுக்கள் இறக்கத் தொடங்கும் முன்பே, இழைகள் தசையை எட்டிய தொடக்கத்திலேயே, அவை சரியான தசையில்தான் இருந்தன. கண்டபடி அலைந்ததற்கு அடையாளமே இல்லை.

இருந்தும் ஓர் ஐயம் மிஞ்சியது. முன்னால் உள்ள நரம்பு முன்னால் உள்ள வழியிலும், பின்னால் உள்ளது பின்னால் உள்ள வழியிலும் இறங்கியிருக்கலாம் அல்லவா? வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல, வழியை அறியாமலே போய்ச் சேர்ந்திருக்கலாம் அல்லவா? சிந்தியா லான்ஸ்-ஜோன்ஸ் என்பவருடன் சேர்ந்து லாண்ட்மெஸ்ஸர் ஒரு சோதனை செய்தார். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இதுவே மிக அழகிய சோதனை. இரண்டரை நாள் வயதுடைய கருவில், நரம்பிழைகள் புறப்படும் முன்பே, காலுக்கு நேரே உள்ள தண்டுவடத்தில் மூன்று நான்கு கண்ட நீளத்தை வெட்டியெடுத்து, முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் வைத்தார்கள். இப்போது முன்னே இருக்க வேண்டிய நரம்பணுக்கள் பின்னே. பின்னே இருக்க வேண்டியவை முன்னே. வழியை அறியாத நரம்பாக இருந்தால் எல்லாம் இடம் மாறிப்போயிருக்க வேண்டும்.

மாறவில்லை. 1980ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: தவறான இடத்திலிருந்து புறப்பட்ட இழைகள், காலின் அடிவாரத்திலுள்ள நரம்புப் பின்னலை அடைந்ததும் திசைமாறி, ஒன்றையொன்று குறுக்கே கடந்து, தமக்குரிய தசைகளுக்கே போய்ச் சேர்ந்தன. அதாவது, புறப்படும் முன்பே ஒவ்வொரு நரம்பணுவுக்கும் தான் எந்தத் தசைக்கு உரியது என்ற முகவரி தெரிந்திருக்கிறது. தண்ணீருக்கு வயல் தெரியாது, நரம்புக்குத் தெரியும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நரம்பணுக்களை அவற்றின் வழக்கமான இடத்திலிருந்து மிகத் தொலைவுக்கு மாற்றிவிட்டால் இழைகள் வழி தவறின. ஆக, காலில் உள்ள அடையாளங்கள் தொலைதூரக் கலங்கரை விளக்கங்கள் அல்ல. பக்கத்தில் வந்தால்தான் படிக்க முடிகின்ற கைகாட்டி மரங்கள்.

அந்தக் கைகாட்டிகளை நட்டது யார்? தசைதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தசைச்செல்களும் காலுக்கு வந்து குடியேறியவைதாம். முதுகின் இருபுறமும் வரிசையாக உள்ள உடற்கண்டங்களிலிருந்து அவை மொட்டுக்குள் நகர்ந்து வருகின்றன. இந்தக் குடியேற்றத்தை நிறுத்தித் தசையே இல்லாத இறக்கையை உருவாக்கிப் பார்த்தார்கள். அதிலும் பெரிய நரம்புக் கிளைகள் வழக்கமான வழியிலேயே ஓடின; தசைக்குள் நுழையும் கடைசிச் சிறு கிளைகள் மட்டும் உருவாகவில்லை. ஆகவே நெடுஞ்சாலைகளை நிர்ணயிப்பவை மொட்டின் இணைப்புத் திசுச் செல்கள். வீட்டு வாசலுக்கு அழைப்பதுதான் தசையின் வேலை.

சந்தியில் நடக்கும் தேர்வு

நரம்பிழைகள் கால் மொட்டின் அடிவாரத்துக்கு வந்ததும் ஒரு விந்தை நிகழ்கிறது. நிற்கின்றன. கோழியில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அங்கேயே காத்திருக்கின்றன. மொட்டுக்குள்ளிருந்து வரும் செமாஃபோரின் எனும் புரதம் வளர்கூம்புகளைத் தள்ளி நிறுத்துவது இந்தக் காத்திருப்புக்கு ஒரு காரணம். அதை உணரும் ஆற்றலை இழந்த எலிக்கருவில் இழைகள் பொறுமையின்றி முன்கூட்டியே உள்ளே நுழைந்துவிடுகின்றன என்பதை 2005ஆம் ஆண்டில் கண்டனர்.

காத்திருந்த இடத்தில் கட்டுகள் அவிழ்கின்றன. சேர்ந்து வந்த இழைகள் பிரிந்து, புதிய துணைகளுடன் சேர்கின்றன. இழைகளின் மேற்பரப்பில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலி அவை ஒன்றோடொன்று இறுக ஒட்டாமல் இளக்கி வைக்கிறது. 1992ஆம் ஆண்டில் லாண்ட்மெஸ்ஸர் குழுவினர் அந்தச் சங்கிலியை ஒரு நொதியால் வெட்டியபோது, இழைகள் பிரிய முடியாமல் தவறான கிளைகளில் போயின. சந்தைக்குப் போய்த் திரும்பும் கூட்டம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அவரவர் ஊர்ப் பேருந்துக்குப் பிரிவதை நினைத்துக்கொள்ளலாம். கையைக் கோத்துக்கொண்டே இருந்தால் ஊர் போய்ச் சேர முடியாது!

இங்கே எடுக்க வேண்டிய முதல் முடிவு, மேற்புறமா கீழ்ப்புறமா என்பது. கையில் மேற்புறத்தில் உருவாவன நீட்டும் தசைகள். கீழ்ப்புறத்தில் உருவாவன மடக்கும் தசைகள். தண்டுவடத்தில் வெளிப்பக்கமாக அமைந்த நரம்பணுக்கள் மேற்புறம் செல்ல வேண்டியவை. இவற்றின் இழைகளில் ஈஃப்-ஏ4 என்ற ஏற்பிப் புரதம் இருக்கிறது. மொட்டின் கீழ்ப்புறச் செல்களில் இந்த ஏற்பியோடு பொருந்தும் எஃப்ரின்-ஏ என்ற புரதம் இருக்கிறது. இரண்டும் தொட்டால் வளர்கூம்பு சூடு பட்டதுபோல் சுருங்கிப் பின்வாங்கும். ஆகவே கீழே போக முடியாத இழை மேலே போகிறது. உட்பக்க நரம்பணுக்களுக்கோ ஏற்பி வேறு, ஈஃப்-பி வகை. அதை விரட்டும் புரதம் மேற்புறத்தில் இருக்கிறது. அவை கீழே போகின்றன. ஈஃப்-ஏ4 ஜீன் இல்லாத எலிகளின் பின்னங்காலில், மேற்புறம் செல்ல வேண்டிய இழைகள் கீழ்ப்புறம் இறங்கிவிட்டதை 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஒரே ஒரு கைகாட்டி விழுந்ததன் விளைவு.

விரட்டுவது மட்டுமல்ல, அழைப்பதும் உண்டு. நெட்ரின் என்ற புரதம் அத்தகையது. 1994ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான கோழிக்கரு மூளைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்த அறிஞர்கள், வழிநடத்துபவர் எனப் பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தனர். நேதாஜி என்பதில் இருக்கும் அதே சொல். நெட்ரின் சில இழைகளை அழைக்கும், சிலவற்றை விரட்டும். எல்லாம் இழையிலுள்ள ஏற்பியைப் பொறுத்தது. ஒரே கைகாட்டியை இருவர் இருவிதமாகப் படிப்பது போல.

எந்த நரம்பணு எந்த ஏற்பியை உடுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அதன் உட்கருவில் விழித்திருக்கும் ஜீன்களே முடிவு செய்கின்றன. தலை முதல் வால் வரை உடலின் இடங்களைக் குறிக்கும் ஹாக்ஸ் ஜீன்கள் என்றொரு வரிசை உண்டு. கைக்கு நேரே ஒரு தொகுதி, மார்புக்கு நேரே ஒரு தொகுதி, காலுக்கு நேரே ஒரு தொகுதி என அவை விழித்திருக்கின்றன. ஒரே பகுதிக்குள்ளும் அவற்றின் சேர்க்கை மாற மாற, நரம்பணு எந்தத் தசைக்குரியது என்பதும் மாறுகிறது. தாமஸ் ஜெஸ்ஸெல், ஜெரமி டாசன் முதலியோர் 2003க்கும் 2008க்கும் இடையில் இதை வெளிப்படுத்தினர். அஞ்சல் குறியீட்டு எண்ணில் முதல் இலக்கம் மண்டலத்தையும் கடைசி இலக்கங்கள் அஞ்சல் நிலையத்தையும் குறிப்பதை ஒத்தது இது. லாண்ட்மெஸ்ஸர் தண்டுவடத்தைத் திருப்பி வைத்தபோது மாறாமல் இருந்த முகவரி இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாம் வேதியியல்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தசையை எட்டுவதற்கு முன்பே தண்டுவட நரம்பணுக்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்றுகூடி மின்துடிப்புகளை எழுப்புகின்றன. 2004ஆம் ஆண்டில் இத்துடிப்பின் வேகத்தைப் பிக்ரோடாக்சின் என்ற பொருளால் குறைத்துப் பார்த்தார்கள். மேல் கீழ் அறியாமல் இழைகள் தடுமாறின. ஈஃப்-ஏ4 புரதமும் குறைந்திருந்தது. துடிப்பின் தாளம் சரியாக இருந்தால்தான் கைகாட்டியைப் படிக்கும் கண் திறக்கிறது போலும். இந்தப் பிக்ரோடாக்சின் வேறெங்கோ உள்ள பொருள் அன்று. மீன்களை மயக்கிப் பிடிக்க நம் நாட்டார் பயன்படுத்திய காக்காய்க்கொல்லி விதையின் நஞ்சுதான் அது.

சரியான தசையைச் சேர்ந்த பிறகும் நூற்றுக்கு நாற்பது நரம்பணுக்கள் இறக்கின்றன என்றோமே, ஏன்? தசை கொடுக்கும் ஊட்டப் புரதங்கள் எல்லாருக்கும் போதாமைதான் பெரும்பாலும் காரணம். கருவின் தசைகளை மருந்தால் அசையாமல் செய்தால் இந்தச் சாவு பெரிதும் குறைகிறது என்பது வேடிக்கை. பிறந்த பின்பும் ஒரு தசைநாரைப் பல இழைகள் பற்றியிருக்கும். எலிக்குட்டியில் இரண்டு வாரத்துக்குள் அவை போட்டியிட்டு, ஒரு நாருக்கு ஓர் இழை என்ற நிலைக்கு வந்துவிடும். களைதல் என்ற பழைய கருத்து முற்றும் பொய்யன்று. ஆனால் அது முகவரி தவறியவர்களைப் பிடிக்கும் காவல் அன்று. ஆள் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் கணக்கு.

பட்டுக்கூட்டுக்குள் இரண்டாம் பயணம்

முதற் பயணம் முடிந்ததோடு கதை முடியாத உயிர்களும் உள்ளன. கோபி வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்போர் அன்றாடம் கையாளும் கூட்டுக்குள், புழுவின் வயிற்றுக் கால்கள் மறைந்து அந்துப்பூச்சியின் உடல் எழுகிறது. பழைய தசைகள் கரைகின்றன, புதியவை பிறக்கின்றன. அப்படியானால் பழைய நரம்புகள்? இந்தக் கேள்வியைப் பழ ஈயில் ஆராய்ந்தவர்கள் நம் நாட்டவர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. விஜயராகவன், ஜாய்ஸ் பெர்னாண்டஸ் முதலியோர் 1990களின் தொடக்கத்தில் பறத்தல் தசைகள் உருவாவதைப் பின்தொடர்ந்தனர். புழுவின் நரம்பிழை தன் பழைய கிளைகளைச் சுருட்டிக்கொள்கிறது; பின் அதே நரம்பணு புதிய கிளைகளை விரித்துப் பறத்தல் தசையைப் பற்றுகிறது. ஈயின் உடம்பில் வளர்ந்த நரம்புக்கு மீண்டும் ஒரு முறை கைகாட்டிகள் நடப்படுகின்றன.

மனிதனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அறுந்த இயக்க நரம்பு வளர மறுப்பதில்லை. மூளையிலும் தண்டுவடத்துக்குள்ளும் அறுந்த இழைகள் பெரும்பாலும் வளர்வதில்லை; கையிலும் காலிலும் வளரும். அறுந்த இடத்துக்கு அப்பால் இழைகள் சிதைந்தாலும், அவற்றைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்களும் அவற்றின் உறைகளும் வெறுங்குழாய்களாக எஞ்சுகின்றன. நரம்பு நசுங்கியிருந்தால் மட்டும், குழாய் முறியாமல் இருப்பதால், ஒவ்வோர் இழையும் தன் பழைய குழாயிலேயே வளர்ந்து பழைய தசையை அடையும். பேறுகாலத்தில் தோள் சிக்கி, பிறந்த குழந்தையின் கை தளர்ந்து போவதுண்டு. அவற்றில் பல, நரம்பு அறுபடாமல் இழுபட்டது மட்டுமே என்பதால் தானாகவே குணமாகின்றன.

முற்றிலும் அறுந்தால்தான் துன்பம். ஆயிரக்கணக்கான குழாய் வாய்கள் எதிரே கிடக்க, இழை எதற்குள் நுழைவது? கருவிலிருந்த செமாஃபோரினும் எஃப்ரினும் அன்று நின்ற ஒழுங்கில் இன்று இல்லை. மொட்டு கையாகிவிட்டது, சில மில்லிமீட்டர் தூரம் முழக்கணக்கில் நீண்டுவிட்டது. கைகாட்டி இல்லாத சந்தியில் நிற்கும் இழை, தவறான குழாய்க்குள் நுழைந்தால் அந்தக் குழாய் கொண்டுபோய்விடும் இடத்துக்கே போக வேண்டும். இயக்க இழை தோலுக்குப் போய்ப் பயனற்றுக் கிடப்பதும் உண்டு.

அதோடு காலம் வேறு துரத்துகிறது. நரம்பிழை வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கழுத்தருகே அறுந்த நரம்பு விரல்களை அசைக்கும் தசையை அடைய 70 சென்டிமீட்டர் போக வேண்டுமென்றால், 700 நாள். ஆனால் நரம்பில்லாத தசை 12 முதல் 18 மாதத்துக்குள் மீட்க முடியாதபடி நலிந்துவிடும். தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் பயிர் கருகிவிடுகிறது. விபத்து நடந்து, எலும்பு முறியவில்லையே என்று சும்மா இருந்துவிட்டுப் பத்து மாதம் கழித்து மருத்துவரிடம் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இதனால் அறுவை மருத்துவர்கள் வேறு வழி கண்டனர். தொலைவிலுள்ள நரம்பைத் தைத்துக் காத்திருப்பதற்குப் பதில், தசைக்குப் பக்கத்தில் ஓடும் வேறொரு நரம்பிலிருந்து சில இழைக்கட்டுகளை எடுத்து இணைப்பது. பிரெஞ்சு மருத்துவர் ஓபெர்லின் 1994ஆம் ஆண்டில் விவரித்த முறையில், விரல்களுக்குச் செல்லும் நரம்பின் ஒரு சிறு கட்டு, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு மேற்கையிலேயே இணைக்கப்படுகிறது. போக வேண்டிய தூரம் சில சென்டிமீட்டர்தான். நரம்புப் பின்னல் காயங்களுக்கான இத்தகைய அறுவைகளில் கோவை கங்கா மருத்துவமனை நாடறிந்த மையங்களுள் ஒன்று. மடைவாயில் தண்ணீர் இல்லையென்றால் அடுத்த வாய்க்காலிலிருந்து திருப்பிவிடுவது கொங்கு நாட்டு விவசாயிக்குப் புதிதா என்ன?

நரம்பே மீளாத இடத்தில் தசையின் கயிற்றை இடம் மாற்றிக் கட்டும் முறையும் உண்டு. இதில் வழிகாட்டிய பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டில் பிறந்தவர். 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்களுக்குள் புகுந்து நரம்பை அழிப்பதால், நோயாளிகளின் விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து மடங்கிவிடும். 1948 முதல் அவர், நல்ல நரம்புள்ள வேறொரு தசையின் தசைநாணைப் பிரித்து விரல்களுக்குக் கொண்டுவந்து கட்டி, அவற்றை நிமிரச் செய்தார்.

இவ்விரண்டு முறைகளிலும் முகவரி பொய்யாகிவிடுகிறது. ஒரு வேலைக்குப் பிறந்த நரம்பணு வேறு வேலையைச் செய்ய வேண்டும். ஸ்பெரியின் எலிகளால் அது முடியவில்லை. மனிதனால் முடிகிறதா? இதற்கு மிகத் தெளிவான விடை, விலா எலும்புகளுக்கு இடையே ஓடி மூச்சுக்கு உதவும் நரம்புகளை எடுத்து முழங்கையை மடக்கும் தசையோடு இணைக்கும் அறுவையில் கிடைக்கிறது. இணைத்த சில மாதங்களில் தசையில் முதல் அசைவு தோன்றும். ஆனால் நோயாளி கையை மடக்க நினைத்தால் ஒன்றும் நடக்காது. ஆழமாக மூச்சை இழுத்தால் கை மடங்கும், இருமினால் துள்ளும். அந்த நரம்பணுக்களைப் பொறுத்தவரை அவை இன்னும் மார்பில்தான் இருக்கின்றன. பயிற்சி தருபவர் ஒவ்வொரு நாளும், மூச்சை இழுத்துக்கொண்டே மடக்குங்கள் என்று சொல்லித் தருகிறார். மாதக்கணக்கில் பழகியபின், பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ சென்றபின், மூளை அந்த நரம்பணுக்களைப் புதிய வேலைக்குப் பழக்கிவிடுகிறது. அதன்பின் அவர் பேசிக்கொண்டே, மூச்சைப் பற்றிய நினைப்பே இல்லாமல், கையை மடக்கிச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறார். பலமாகத் தும்மும்போது மட்டும் சிலருக்கு அந்தக் கை கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.